குடல் ஏற்கத் தவறினால் மூளை வாடும்: மருத்துவ அறிஞர் எல்லப்பிரகட சுப்பாராவின் வாழ்வும் முதியோர் அறிய வேண்டியதும்

இப்பக்கம் யாருக்கு: அறுபது வயதைக் கடந்தோர், அவர்களைப் பேணும் குடும்பத்தினர், புலால் உண்ணாதோர், நீரிழிவு நோய்க்கு நீண்ட காலமாக மாத்திரை உட்கொள்வோர்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் பிரகாரத்தைப் பல்லாண்டுகளாக வெறுங்காலுடன் வலம் வந்த பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கருங்கல் தளத்தின் குளிர்ச்சியைத் தம் பாதங்கள் இப்போது உணர்வதில்லை என்கிறார் அவர். பஞ்சின் மேல் கால் வைப்பது போல இருக்கிறதாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் தடுமாறுகிறார். நேற்று வந்த உறவினரின் பெயர் அவருக்கு நினைவில்லை. காரணமின்றிச் சினம் வருகிறது. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று வீட்டார் தேற்றிக்கொள்கின்றனர். இத்தகைய முதியோரை நாஞ்சில் நாட்டு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுகளில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் காரணம் முதுமை மட்டுமன்று. ஊட்டச்சத்து ஒன்றைக் குடல் ஏற்கத் தவறியதால் நரம்பும் மூளையும் வாடியிருக்கும். உரிய காலத்தில் கண்டறிந்தால் இதனைக் குணப்படுத்த இயலும்.

குடலுக்கும் குருதிக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இத்தொடர்பை உலகம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. அதனை அறிவதற்கான தேடலில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் முதன்மையானவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். அவருடைய வாழ்வை அறிந்தால், இன்று மருத்துவர் உங்களுக்கு எழுதித்தரும் சில மாத்திரைகளின் பொருளும் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். நோயின் காரணமாக முன்னதாகவே ஓய்வு பெற்றார். குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டுவது அச்சிறுவனின் திட்டம். தாய் வெங்கம்மா அவரைத் திரும்ப அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தார்.

படிப்பிலும் அவர் எடுத்த எடுப்பில் சிறந்து விளங்கியவர் அல்லர். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்தார். துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், தாய் இசையவில்லை. மருத்துவராகித் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரியை மணந்தார். மாமனாரின் பொருளுதவி கல்வியைத் தொடரத் துணை செய்தது.

அது விடுதலைப் போராட்டக் காலம். சுப்பாராவ் கதராடை அணிந்தார். அறுவைக் கூடத்தில் அணியும் மேலாடையையும் கதரிலேயே தைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பயனளிக்கவில்லை.

குடும்பத்தைத் தாக்கிய குடல் நோய்

அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் மாய்த்தது ஸ்ப்ரூ என்னும் குடல் நோய். வெப்பமண்டல நாடுகளில் காணப்படுவதால் இதனை வெப்பமண்டல ஸ்ப்ரூ என்பர். சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் உள்ளன. உணவின் சத்தை உடலுக்குள் சேர்ப்பவை அவையே. இந்நோயில் அவை தேய்ந்து தட்டையாகின்றன. நோயாளி உண்பார், உண்டது உடலில் சேராது. கொழுப்பு கலந்த கழிச்சல் நீடிக்கும். நாக்கு புண்ணாகிச் சிவக்கும். உடல் மெலிந்து, குருதி குன்றி, இறுதியில் உயிரும் பிரியும். உணவு இருந்தும் பட்டினியால் வாடும் நிலை என்றே இதனைச் சொல்லலாம்.

சுப்பாராவையும் இந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் தேறினார். அதன்பின் லட்சுமிபதியுடன் தொடர்புடைய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். ஆயினும், தம் சகோதரரைக் கொன்ற நோயின் வேரைக் காண வேண்டும் என்ற வேட்கை அவரை விட்டு அகலவில்லை. மாமனாரின் உதவியும் காக்கிநாடாவைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்றின் உதவியும் கிடைக்க, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இளம் மனைவி இந்தியாவிலேயே தங்கினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்பதே எண்ணம். அவர் திரும்பவேயில்லை.

பாஸ்டன் நகரில்

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். செலவுக்குப் பணமில்லை. இரவு நேரத்தில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைத் தூய்மை செய்யும் பணியை ஏற்றார். பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் ஆய்வைத் தொடங்கினார்.

குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் அது உலகெங்கும் ஆய்வகங்களில் வழக்கத்துக்கு வந்தது. அதே முறையைக் கொண்டு தசைகளை ஆராய்ந்தபோது, 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் கண்டறிந்து அறிவித்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

ஏ.டி.பி. என்பது உயிரணுக்கள் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். இதயம் துடிப்பதற்கும், நரம்பு செய்தி கடத்துவதற்கும், நீங்கள் இவ்வரியைப் படித்துப் பொருள் கொள்வதற்கும் அதுவே செலவாகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. சத்து உடலில் சேராதபோது மூளை விரைவில் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1930-இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி அமையவில்லை.

ஈரலில் மறைந்திருந்த மருந்து

அக்காலத்தில் பெர்னீசியஸ் இரத்தச் சோகை என்ற நோய் முதியோரைத் தாக்கி வந்தது. அந்நோய் கண்டவர் வெளிறி, நாக்கு வழவழப்பாகி, கால் மரத்து, மனம் குழம்பிச் சில ஆண்டுகளில் இறப்பது வழக்கம். பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ஆகியோர் 1926-இல் ஒரு செய்தியை அறிவித்தனர்: நாள்தோறும் மிகுதியாக ஈரல் உண்டால் இந்நோயாளிகள் பிழைக்கின்றனர். இதற்காக அவர்களுக்கும் ஜார்ஜ் விப்பிளுக்கும் 1934-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈரலில் உள்ள எந்தப் பொருள் நோயைத் தீர்க்கிறது என்பது மட்டும் விளங்காமலே இருந்தது.

இந்தியாவிலும் இதே புதிர் வேறு வடிவில் எழுந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அவர்களைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931-இல் எழுதினார். ஈரல் நோயாளிக்கு உதவுவதும் ஈஸ்ட் நோயாளிக்கு உதவுவதும் ஒரே பொருளா, இரு வேறு பொருள்களா என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

சுப்பாராவ் 1930-களில் ஈரல் சாற்றைப் பகுத்துப் பகுத்து ஆராயத் தொடங்கினார். ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தச் சோகையும் பெர்னீசியஸ் இரத்தச் சோகையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றின: குருதிச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. எனவே, ஈரலில் உள்ள மருந்தைக் கண்டால் தம் சகோதரரைக் கொன்ற நோய்க்கும் விடை கிடைக்கும் என்று கருத அவருக்கு இடமிருந்தது.

ஃபோலிக் அமிலம்

1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அங்கே ஈரலிலும் கீரையிலும் ஈஸ்டிலும் உள்ள ஒரு பொருளைப் பிரித்தெடுக்க அவருடைய குழுவினர் முயன்றனர். இப்பொருள் ஒரு மாதிரியில் எவ்வளவு உள்ளது என்று அளக்க, பாலைப் புளிக்கச் செய்யும் ஒருவகை லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிர் பயன்பட்டது. இப்பொருள் இருந்தால் அது வளரும், இல்லையேல் வளராது. 1941-இல் டெக்சாஸ் அறிவியலாளர்கள் பல டன் கீரையிலிருந்து இதே பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

1945-இல் லெடர்லி குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியதாக அறிவித்தனர். இனி டன் கணக்கில் ஈரலும் கீரையும் தேவையில்லை. டாம் ஸ்பீஸ் முதலிய மருத்துவர்கள் இதனை ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அளித்தனர். சில நாள்களிலேயே குருதி ஊறத் தொடங்கியது, நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது. சகோதரர் இருவரும் இறந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

இன்று கருவுற்ற தாய்மாருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் மாத்திரையில் 60 மி.கி. இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கருத்தரிப்பதற்கு முன்பும் கருவுற்ற தொடக்க வாரங்களிலும் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன.

குருதி தேறியது, நரம்பு தேறவில்லை

இவ்வரலாற்றில் முதியோரும் அவர்தம் குடும்பத்தினரும் மறவாமல் கொள்ள வேண்டிய பகுதி இதுவே.

ஃபோலிக் அமிலம் பெர்னீசியஸ் இரத்தச் சோகை நோயாளிகளுக்கும் அளிக்கப்பட்டது. அவர்களின் குருதியும் தேறியது. சுப்பாராவ் தேடிய ஈரல் மருந்து இதுவே என்று மருத்துவ உலகம் நம்ப இடமிருந்தது. ஆனால் 1947 வாக்கில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. குருதிப் பரிசோதனை நன்றாக இருந்த அந்நோயாளிகளுள் சிலருக்குக் கால் மரத்துப்போனது, நடை தடுமாறியது, தண்டுவடம் கெட்டது. ஃபோலிக் அமிலம் குருதியைச் சீராக்கியதே தவிர நரம்பைக் காக்கவில்லை. நோய் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் இரத்தச் சோகை மறைந்துவிட்டதால், உள்ளே நரம்பு அழிவதை எவரும் அறியவில்லை.

ஈரலில் மறைந்திருந்த பொருள் மற்றொன்று என்பது இதனால் உறுதியாயிற்று. 1948-இல் அமெரிக்காவில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினரும் இங்கிலாந்தில் லெஸ்டர் ஸ்மித் குழுவினரும் தனித்தனியே அதனைப் பிரித்தெடுத்தனர். சிவந்த படிகங்களாகத் தோன்றிய அப்பொருளே வைட்டமின் பி12. நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறையைப் பேணுவதற்கு இது இன்றியமையாதது.

1948 சுப்பாராவின் இறுதி ஆண்டாகவும் அமைந்தது. அதற்குள் அவருடைய ஆய்வகத்திலிருந்து வேறு மருந்துகளும் வெளிவந்திருந்தன. யானைக்கால் நோய்க்குரிய டை-எத்தில்-கார்பமசின் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் பலரும் அதனை உட்கொண்டிருப்பீர்கள். ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழுவினர் உருவாக்கினர். அவற்றுள் ஒன்றைக் கொண்டு பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1947-இலும் 1948-இலும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முறையாகத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். அவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்று மூட்டுவாத நோய்க்கும் வழங்கப்படுகிறது. லெடர்லியில் பெஞ்சமின் டகர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுள் முதலாவதாக 1948-இல் வெளிவந்தது.

வெப்பமண்டல ஸ்ப்ரூ நோய்க்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சை ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் மருந்துமே. இரண்டும் சுப்பாராவ் தலைமை வகித்த ஆய்வகத்தோடு தொடர்புடையவை. சகோதரர் இருவரைக் காக்க இயலாதவர், அதே நோய் கண்ட எண்ணற்றோர் பிழைக்க வழிசெய்தார்.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. புகழை நாடவும் இல்லை. 1995-இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

வேலூர் மருத்துவர்கள் தொடர்ந்த பணி

ஸ்ப்ரூ நோய் பற்றிய ஆய்வு தமிழ்நாட்டில் தொடர்ந்தது. 1960-களில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் இந்நோய் பரவியபோது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், மாத்தன் முதலியோர் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். அக்கல்லூரி மருத்துவர்கள் 1962-இல் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். தாய்க்குப் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் அது குறைகிறது. அப்பாலை மட்டுமே அருந்தும் குழந்தை வெளிறி, துவண்டு, கற்ற அசைவுகளையும் மறந்துவிடுகிறது. பி12 அளித்தால் குழந்தை தேறுகிறது. வாழ்வின் தொடக்கத்திலும் இறுதியிலும் மூளையைக் காப்பதில் இச்சத்துக்குப் பங்கு உண்டு என்பதை இது காட்டியது.

முதுமையில் பி12 ஏன் குறைகிறது?

பி12 சத்தைத் தாவரங்கள் உருவாக்குவதில்லை. நுண்ணுயிர்களே உருவாக்குகின்றன. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக அது நம்மை அடைகிறது. நம் பெருங்குடலிலும் நுண்ணுயிர்கள் இதனை உருவாக்குகின்றன. ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே, சிறுகுடலின் கடைப்பகுதியில் இருப்பதால் அது நமக்குப் பயன்படுவதில்லை.

உணவில் உள்ள பி12 உடலில் சேர மூன்று படிகள் வேண்டும். முதலாவதாக, இரைப்பையின் அமிலம் அதனை உணவின் புரதத்திலிருந்து விடுவிக்க வேண்டும். இரண்டாவதாக, இரைப்பைச் சுவர் சுரக்கும் உள்ளகக் காரணி என்ற புரதம் அதனைப் பற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, சிறுகுடலின் கடைப்பகுதி அதனை உறிஞ்ச வேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு இரைப்பை அமிலம் குறைகிறது, முதற்படியே தடைப்படுகிறது. பெர்னீசியஸ் இரத்தச் சோகையில் இரண்டாம் படியும், ஸ்ப்ரூ போன்ற குடல் நோய்களில் மூன்றாம் படியும் தடைப்படுகின்றன. நன்றாக உண்பவருக்கும் குறைபாடு வருவது இதனாலேயே. உடலின் இருப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமாகையால், குறைபாடு மெல்ல மெல்லத் தலைகாட்டும்.

எவர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

• அறுபது வயதைக் கடந்தோர்
• புலால், முட்டை உண்ணாதோர். அவர்களுள்ளும் பால், தயிர் குறைவாக உண்போர்
• நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்வோர்
• இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிபிரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை நீண்ட காலம் உட்கொள்வோர்
• இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவை செய்துகொண்டோர். நாட்பட்ட கழிச்சல் உடையோர்

மெட்ஃபார்மின் மாத்திரையை அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். நீரிழிவைக் கட்டுக்குள் வைக்க அது தேவை. பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வதே உரிய வழி.

எந்த அறிகுறிகளைக் கண்டால் மருத்துவரை அணுக வேண்டும்?

• இரு பாதங்களிலும் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு
• இருட்டிலோ, முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ தடுமாற்றம்
• வழவழப்பான, சிவந்த, எரியும் நாக்கு
• சோர்வு, வெளிறல், சிறிது நடந்தாலும் மூச்சிரைப்பு
• மறதி, மனக்குழப்பம், சோர்ந்த மனநிலை, இயல்பு மாற்றம்

மறதி உள்ள அனைவருக்கும் காரணம் பி12 குறைவு என்று கொள்ளக் கூடாது. மூளைத் தேய்வு நோய்களும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வும் மறதியைத் தரும். எனினும், குணப்படுத்தக்கூடிய காரணம் ஒன்று உள்ளதா என்று முதலில் பார்ப்பது கடமை. திடீரென ஒரு கை அல்லது கால் செயலிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; காலந்தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

முழு இரத்தப் பரிசோதனையும் குருதியில் பி12 அளவும் பார்க்கப்படும். இரத்தச் சோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால், ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருக்கிறது என்று மன அமைதி கொள்ள இயலாது. குறைபாடு உறுதியானால் ஊசியாகவோ மாத்திரையாகவோ பி12 அளிக்கப்படும். குடல் உறிஞ்சாத நிலையிலும் நரம்பு பாதிக்கப்பட்ட நிலையிலும் ஊசியே முதலில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியிருக்கும். குருதி சில வாரங்களில் தேறும். நரம்பு தேறப் பல மாதங்கள் ஆகும். நெடுங்காலம் கவனியாது விட்ட பாதிப்பு முழுமையாக மீளாது. ஆகவே காலமே இங்கு முதல் மருந்து.

மருத்துவர் கூறாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் முதியோருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். 1947-இல் கற்ற பாடம் இன்றும் பொருந்தும்: குருதி தேறியது போல் தோன்றும், நரம்பு அழியும். இரண்டும் குறைந்திருந்தால் பி12 சத்தைத் தொடங்கிய பின்னரோ, அதனுடன் சேர்த்தோ ஃபோலிக் அமிலம் அளிக்கப்படும்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வோர் அதனை வாரத்தில் மருத்துவர் குறித்த ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் தவறுதலாக உட்கொள்வது உயிருக்கே தீங்கு. முதியோரின் மாத்திரைப் பெட்டியைக் குடும்பத்தினர் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

உணவில் கவனிக்க வேண்டியவை

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் பி12 ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் மட்டுமே. நம் கடற்கரையில் கிடைக்கும் சாளை, நெத்திலி போன்ற மீன்களில் இச்சத்து மிகுதி. மரச்சீனிக் கிழங்குடன் மீன்குழம்பு சேர்த்து உண்ணும் வழக்கம் இவ்வகையில் நன்று. கிழங்கில் மட்டும் இச்சத்து இல்லை. புலால் உண்ணாதோர் பால், தயிர், மோர் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முட்டை உண்பதில் தடையில்லாதோர் அதனையும் சேர்க்கலாம். பழங்கஞ்சியும் கீரையும் உடலுக்கு நல்லவை. கீரையில் ஃபோலிக் அமிலம் மிகுதி. ஆனால் பி12 சத்துக்கு அவற்றை நம்பியிருக்க இயலாது.

தாய்ப்பாலில் உள்ள சர்க்கரையைக் கொண்டு தயாரித்த தூள், முதியோரின் குடலையும் மூளையையும் காக்குமா என்று சிலர் வினவுகின்றனர். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுதியாக உள்ள திடப்பொருள், ஒலிகோசாக்கரைடு எனப்படும் கூட்டுச் சர்க்கரைகளே. குழந்தை இவற்றைச் செரிப்பதில்லை. குழந்தையின் குடலில் வாழும் நன்மை தரும் பிஃபிடோ நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு பெருகுகின்றன. முதியோருக்கும் இதே நன்மை கிடைக்குமா என்ற ஆய்வு தொடக்க நிலையில் உள்ளது. விலங்குகளில் கண்ட முடிவுகளும் சிறிய அளவிலான மனித ஆய்வுகளும் நம்பிக்கை அளித்தாலும், மறதிக்கோ குடல் நோய்க்கோ சிகிச்சையாக அவற்றை இன்று பரிந்துரைக்க இயலாது. அத்தகைய தூளுக்குச் செலவிடும் முன், பி12 பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். குழந்தைக்கோ, முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உறுதியான உண்மை. தாயின் உணவில் பி12 இருப்பதும் அதே அளவு தேவை.

நினைவில் கொள்க

• மறதியும் கால் மரத்துப்போதலும் எப்போதும் முதுமையின் இயல்பு அல்ல, காரணத்தைக் கண்டறியுங்கள்.
• உண்பது மட்டும் போதாது. குடல் ஏற்கவும் வேண்டும்.
• இரத்தச் சோகை இல்லை என்பதால் பி12 குறைபாடு இல்லை என்று கருதாதீர்கள்.
• ஃபோலிக் அமிலத்தைத் தனியே, தாமாக உட்கொள்ளாதீர்கள்.
• தொடங்கிய பி12 சிகிச்சையை மருத்துவர் கூறும் வரை நிறுத்தாதீர்கள்.

ஐயம் இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். செல்லும்போது, முதியவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பாதம் மரத்திருக்கும் பெரியவர் நண்பகல் வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடந்தால் கல்லின் சூட்டை உணராமல் புண்படுத்திக்கொள்வார். காலையிலோ மாலையிலோ, கைகொடுத்து, உடன் ஒருவர் செல்லுங்கள்.